தீர்மானம் எண் ஏழு

ஆராதனை முடிந்து, ரசவடையும் ஆறிப்போன பிறகு
கமிட்டி கூடியது.
அருமனையிலிருந்து கடையாலுமூட்டுக்கு ஏறும் சாலையில்
எங்கள் சபைக்கு நூற்று நாற்பது குடும்பம்,
ஒரு கிண்ணம்.
நான் செயலாளர். நோட்டும் பேனாவும் என்னிடம்.
வார நாட்களில் மார்த்தாண்டத்தில் ஒரு லேபில்
ஊரார் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பவள்.

அதனால் முதலில் என்னைத்தான் கேட்டார்கள்.
"சயின்ஸ் என்ன சொல்லுது, நீ சொல்லு பிள்ளே."
சொன்னேன்: அபாயம் உண்டு, மிகச் சிறிது.
துடைத்தால் குறையும், போகாது.
நம்ம ரசத்தில் சீனியும் கிராம்பும்தான்,
கிருமியைக் கொல்லும் பலம் அதற்குக் கிடையாது.
இரண்டு பக்கமும் என் பேச்சைத்
தங்கள் சாட்சியாய் எழுதிக்கொள்ளச் சொன்னது.

பொருளாளர் வில்பிரட் சிங் விலைப்பட்டியலோடு வந்திருந்தார்.
சிறு கிண்ணம் முந்நூறு, தட்டு எட்டு, மூடி தனி விலை.
"கொரோனாவுல ரெண்டு வருஷம் ரசமே இல்லாம
அப்பம் மட்டும் தின்னோம்.
அதுக்காக ஒருத்தரும் நரகத்துக்குப் போனதாட்டு தெரியல்ல."
சிரித்தார்கள். ஆயர் சிரிக்காமல் கண்ணாடியைத் துடைத்தார்.

செமினரியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஜெபின் எழுந்தான்.
கொரிந்து சபையின் பந்தியைப் பற்றிப் பேசினான்:
முந்தி வந்தவன் வெறிக்கக் குடித்ததும்
வேலை முடிந்து பிந்தி வந்த கூலிக்காரன்
பசித்து நின்றதும்.
பிறகு குரலைத் தாழ்த்தாமல் சொன்னான்:
ஒரே கிண்ணத்தில் உதடு வைக்க
நமக்கு ஒரு வேதமே தேவைப்பட்டது;
இப்போது கிருமியின் பேரைச் சொல்லிக்கொண்டு
பழைய தீட்டு பின்கதவு வழியாய் வருகிறது.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
யாரும் நேசபாயைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க எல்லாரும் எடுத்த சிரமம்
அறை முழுக்கத் தெரிந்தது.

நேசபாய் அக்காவுக்குப் பால்வெட்டு வேலை.
அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
ரப்பர் தோட்டம் ஏறுகிறவள்.
விரலில் காய்ந்த பாலை உரித்தபடியே இருந்தாள்.
எழும்பவில்லை.

"எனக்கு சின்னது போதும்."

"அக்கா..." என்றான் ஜெபின்.

"முப்பது வருஷமாட்டு பாக்கேன், தம்பி.
நான் குடிச்சப்பிறவு ஆயரு தொடச்சித் திருப்பித்தான் குடுப்பாரு.
அடுத்தாப்புல முட்டுகுத்தின ஆளு
அது பத்தாதுன்னு
ஒத்த விரலால இன்னும் அரைச்சுத்து திருப்பும்.
நான் கண்ண மூடிட்டுதான் இருப்பேன்.
வளையல் சத்தம் கேக்கும்.
மரத்துக்கு ஒரு செரட்ட கட்டுறவ நான்,
தனிச் செரட்டையில கொறச்சல் ஒண்ணும் இல்ல.
ஒருதடவையாவது
கர்த்தர மட்டும் நெனச்சுக் குடிக்கணும்."

ஜெபின் பக்கங்களைப் புரட்டினான்.
வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்,
கிளம்பவில்லை.

எழுதினேன்:
தீர்மானம் எண் ஏழு. சுகாதாரம் கருதி.
அந்தச் சொல்லில் பேனா கொஞ்சம் நின்றது.
அடித்து எழுதினால் சுருக்கொப்பம் வேண்டும்.
விட்டுவிட்டேன்.
"உறுப்பினர் ஒருவர் தம் கருத்தைத் தெரிவித்தார்" என்று சேர்த்தேன்.
ஒருமனதாக என்று சொன்னார்கள், அதையும்.

எல்லாரும் போனபின் பழைய கிண்ணத்தை
இரும்புப் பெட்டியில் வைக்கும் வேலை எனக்கு.
லேப் பழக்கம். விளிம்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது,
ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய என்றில்லாமல்
சுற்றிலும் ஒரே அளவாய்.

எல்லா இடத்திலும் எல்லார் உதடும் பட்டிருக்கிறது.
அல்லது
அத்தனை பேரும் திருப்பியிருக்கிறார்கள்.

சாவி இறுக்கம், மழைக்காலத் துரு.
அழுத்தி அரைச்சுற்று திருப்பினேன்.
வளையல் சத்தம் கேட்டது.